கோழியூரில் இரண்டு சேவல்

விடியற்காலை நாலரை மணி. வெண்ணாற்றங்கரையில் ஒரு சின்ன கிராமம். திண்ணையில் அப்பாயிக்குப் பக்கத்தில் சுருண்டு படுத்திருப்பேன். கொல்லைப்பக்கம் கூண்டிலிருந்து முதல் கூவல் கிளம்பும். கண்ணைத் திறக்காமலேயே அப்பாயி சொல்லும்: "செவல."

சில விநாடி கழித்து இன்னொரு குரல். "இது கருப்பு." அப்புறம், தொண்டை கட்டினாற்போல மூன்றாவதாக ஒன்று. "அது வெள்ளச் சாவ. புள்ளப்பூச்சி மாதிரி கத்துது பாரு!"

(தஞ்சாவூர்ப் பக்கம் சேவல் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சாவல், அல்லது வெறும் 'சாவ'தான்!)

எனக்குப் பத்து வயது. ஒரு நாள் கேட்டேன். "ஏன் அப்பாயி, தெனம் செவலதான் மொதல்ல கூவணுமா? கருப்பு மொதல்ல கூவுனா என்னா?"

"கூவித்தான் பாக்கட்டுமே. கொத்தி மண்டையப் பொளந்துடாது?"

கிழவி ஏதோ சொல்கிறது என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். ஜப்பானில் நகோயா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யோஷிமுராவும் ஷிம்முராவும் 2013-ல் ஒரு சோதனை செய்தார்கள். வெளிச்சம் மாறாத மங்கலான அறையில் சேவல்களை வைத்தார்கள். அப்போதும் அவை ஏறக்குறைய நாளுக்கு ஒரு முறை, தம் கணக்குப்படி 'விடியற்காலை' வந்ததும் கூவின. கடிகாரம் சேவலுக்கு உள்ளேயே இருக்கிறது! 2015-ல் அதே குழுவினர் இன்னொரு ஆய்வை வெளியிட்டார்கள். பல சேவல்கள் சேர்ந்து இருக்கும் இடத்தில் முதலில் கூவும் உரிமை பெரிய அண்ணனுக்குத்தான். மற்றவை அவரவர் அந்தஸ்துப்படி வரிசையாகக் காத்திருந்து கூவுகின்றன. பெரிய அண்ணனைத் தூக்கி வேறு இடத்தில் வைத்துவிட்டால், இரண்டாவது ஆசாமி முதலாவதாகக் கூவ ஆரம்பித்துவிடுகிறார்.

அப்பாயி இந்த ஆய்வுக் கட்டுரையைப் படித்ததில்லை. அதற்கு எழுதப் படிக்கவே தெரியாது!

சரி, பத்துப் பன்னிரண்டு பெட்டைக்கு ஒரு சேவல் இருந்தால் போதுமே, எதற்கு மூன்று? கொத்திக் கொள்ளும், தவிட்டுக்குக் கேடு என்று தெரியாதா? தெரியும். ஆனால் காவிரிப் பாசன கிராமத்துக் கொல்லைகளில் சேவல்கள் கூடிப்போனதற்குக் காரணம் பண்ணைக் கணக்கு அல்ல, சாமிக் கணக்கு. பிள்ளைக்குக் காய்ச்சலா... காளியம்மனுக்கு ஒரு சேவல். மாடு காணாமல் போச்சா... மதுரைவீரனுக்கு ஒரு சேவல். நேர்ந்துவிட்ட சேவலை விற்கக்கூடாது, விருந்தாளிக்கு அடித்துப் போடக்கூடாது, திருவிழா வரும்வரை அது வளர்ந்தே ஆக வேண்டும். முக்கியமாக, ஊனம் இல்லாமல் வளர வேண்டும். எங்கள் வீட்டுக் கருப்பு, காளியம்மனுடையது.

இந்த மூன்றையும் அப்பாயி கட்டி மேய்த்த விதம் ஒரு சின்ன ராஜதந்திரம் என்றே சொல்வேன். செவலையும் கருப்பும் ஒரே அடையில் பொரித்தவை. கூடவே வளர்ந்ததால் யார் பெரியவன் என்பது குஞ்சுப் பருவத்திலேயே முடிவாகிவிட்டது. தீவனத்தை ஒரே இடத்தில் கொட்டாது. வாசலில் ஒரு பிடி குருணை, எருக்குழி ஓரம் ஒரு பிடி, வைக்கோல்போருக்குப் பின்னால் ஒரு பிடி கருக்காய். மூன்று சேவல்களுக்கும் மூன்று நாடு. வாரத்துக்கு வளர்க்க அத்தை வீட்டிலிருந்து வந்த வெள்ளையை முதல் பத்து நாள் பஞ்சாரத்தில் கவிழ்த்து, மற்றவை பார்க்கும்படி முற்றத்தில் வைத்தது. அப்புறம் ஒரு ராத்திரி, எல்லாம் தூங்கிய பிறகு கூண்டுக்குள் மெதுவாகத் தள்ளியது. "விடிஞ்சி பாத்தா, நேத்தும் இருந்தான் போலருக்குன்னு நெனச்சிக்கும்!"

இப்படி ஊர்க்கோழி வளர்த்த கிழவிகளின் அறிவை யாரும் ஓலையில் எழுதவில்லை. தஞ்சை சரஸ்வதி மகால் நூலகத்தில் யானைக்கு கஜ சாஸ்திரம் உண்டு, குதிரைக்கு அசுவ சாஸ்திரம் உண்டு. யானையும் குதிரையும் ராஜா வீட்டுச் சமாசாரம்!

ஆனால் ஒரு கவிஞர் இருந்தார். சங்க காலத்துக்காரர். அவருடைய சொந்தப் பெயர் தொலைந்துவிட்டது. குறுந்தொகையில் 305-வது பாட்டு அவருடையது. காதல் வேதனையில் இருக்கும் பெண், தன் நிலைமைக்கு ஓர் உவமை சொல்கிறாள். குப்பைமேட்டில் இரண்டு சேவல்கள் தாமாகவே சண்டை போட்டுக்கொள்கின்றன. மூட்டிவிட்டவரும் இல்லை, விலக்கிவிடுபவரும் இல்லை. அதுவாக ஓய்ந்தால்தான் உண்டு. அப்படியாம் அவள் துன்பம்! இந்த ஒரு காட்சிக்காகவே அந்தப் புலவருக்கு 'குப்பைக்கோழியார்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். பந்தயச் சேவல் சண்டையை எவன் வேண்டுமானாலும் பாடலாம். கொல்லைப்புறத்துத் தனிச்சண்டையைக் கவனித்தாரே, அவர்தான் கவிஞர்.

கோழிக்கும் நெல்லுக்கும் உள்ள உறவு இன்னும் பழசு. காட்டில் திரிந்த கோழி வீட்டுக்கு வந்தது எப்படி? 2022-ல் வெளியான ஓர் ஆய்வின்படி, சந்தேகமில்லாமல் வீட்டுக்கோழி என்று சொல்லக்கூடிய மிகப் பழைய எலும்புகள் தாய்லாந்தில் பான் நோன் வாட் என்ற இடத்தில் கிடைத்தவை. கி.மு. 1650-லிருந்து 1250-க்குள் அவற்றின் காலம். அங்கே காட்டோரம் நெல்லும் தினையும் பயிரிட்டார்கள். சிந்திய மணியைப் பொறுக்க சிவப்புக் காட்டுக்கோழி வந்தது. வந்தது, தங்கிவிட்டது. மனிதன் கோழியைப் பிடிக்கவில்லை. நெல் பிடித்துக் கொடுத்தது! இதில் நம் பங்கும் கொஞ்சம் உண்டு. கோழியின் மஞ்சள் தோலுக்குக் காரணமான மரபணு, தென்னிந்தியக் காடுகளில் திரியும் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008-ல் கண்டுபிடித்தார்கள்.

நெல்லைத் தின்ன வரும் கோழி என்றதும் பட்டினப்பாலை ஞாபகம் வராமல் இருக்குமா? கரிகாலன் காலத்துக் காவிரிப்பூம்பட்டினம். முற்றத்தில் நெல் காய்கிறது. கோழி வருகிறது. காவலுக்கு உட்கார்ந்திருக்கும் பெண், கல்லைத் தேடவில்லை. காதில் இருந்த கனத்த பொன் குழையைக் கழற்றி வீசுகிறாள்! அது வாசலில் விழுந்து, சிறுபிள்ளைகள் உருட்டி வரும் மூன்று சக்கர நடைவண்டிக்குத் தடையாகக் கிடக்கிறதாம். சோழநாட்டுச் செழிப்பைக் காட்டப் புலவர் செய்த கற்பனை என்பார்கள். இருக்கட்டும். கோழியின் தொல்லை மட்டும் நிச்சயமாகக் கற்பனை இல்லை.

இந்தச் சோழர்களுக்கு அப்போது தலைநகரம் இரண்டு. கடற்கரையில் புகார். உள்நாட்டில், காவிரியின் தென்கரையில், இன்றைய திருச்சிக்குள் அடங்கிவிட்ட உறையூர். அந்த உறையூருக்கு இன்னொரு பெயர் 'கோழி'. கோழியூர் என்றும் சொல்வார்கள். வைணவர்களுக்கு அது திருக்கோழி. கதை இதுதான்: சோழராஜா யானை மீது வந்துகொண்டிருக்கிறார். எங்கிருந்தோ ஒரு சேவல் பாய்ந்து வந்து யானையின் தலையைக் கொத்தியது. யானை மிரண்டு ஓட்டம் எடுத்தது. 'இந்த மண்ணில் ஏதோ விசேஷம் இருக்கிறது' என்று அங்கேயே நகரத்தை அமைத்துவிட்டார் ராஜா. உறையூர் பஞ்சவர்ணசுவாமி கோயிலில், யானையைச் சேவல் எதிர்க்கும் சிற்பத்தை இன்றும் பார்க்கலாம். தமிழில் 'வாரணம்' என்ற சொல்லுக்கு யானை என்றும் பொருள், கோழி என்றும் பொருள். இளங்கோவடிகள் சிலப்பதிகாரத்தில் இதை வைத்து அழகாக விளையாடியிருக்கிறார்.

(ஊருக்கே கோழி என்று பெயர் வைத்த சோழர்கள், கொடியில் மட்டும் புலியைப் போட்டுக்கொண்டார்கள். சேவற்கொடி முருகனுக்குப் போய்விட்டது! மொகஞ்சதாரோவுக்கும் பழைய பெயர் 'சேவல் நகரம்' என்ற பொருளில் 'குக்குடர்மா' என்று இருந்திருக்கலாம் என, ஒரு முத்திரையை வைத்து ஐராவதம் மகாதேவன் ஊகித்தார். சேவல் பெயரில் நகரம் என்பது நம்மவர்களுக்குப் பழகிய சங்கதி போலிருக்கிறது.)

தமிழர்கள் சேவலைக் கொண்டாடியதற்குக் கல்லிலேயே சாட்சி இருக்கிறது. விழுப்புரம் மாவட்டத்து அரசலாபுரத்திலும், பழைய செங்கல்பட்டு மாவட்டத்து இந்தளூரிலும் சேவலுக்கு நடுகற்கள் கிடைத்தன. போரில் செத்த வீரனுக்கு வைப்பார்களே, அதே நடுகல். ஆயிரத்து நானூறு வருஷத்துக்கும் மேல் பழையவை. அரசலாபுரத்துச் சேவல் மேல்சேரிக்காக மோதியது. இந்தளூர்ச் சேவல் கீழ்ச்சேரிக்காரன், பெயர் பொற்கொற்றி! சேவலுக்குப் பெயர், சேரி, நடுகல்... புறப்பொருள் வெண்பாமாலையில் 'கோழி வென்றி' என்று இதற்குத் தனித் துறையே ஒதுக்கியிருக்கிறார் ஐயனாரிதனார்.

அதெல்லாம் மனிதர்கள் மூட்டிவிட்ட சண்டை. கோழியூரிலேயே நடந்த குப்பைக்கோழிச் சண்டை ஒன்று உண்டு. இரண்டு சேவல்களும் சோழர்கள்.

ஒருவன் நலங்கிள்ளி. இன்னொருவன் நெடுங்கிள்ளி. ஒரே குலம். நாடு யாருக்கு என்று போட்டி. முதலில் நெடுங்கிள்ளி ஆவூர்க் கோட்டைக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டான். வெளியே முற்றுகை. உள்ளே யானைக்குக் கவளம் இல்லை, குழந்தைக்குப் பால் இல்லை. சோறுடைத்த சோழநாட்டில், நெல் விளையும் பூமியில், சோழர்களுக்கிடையிலான சண்டையில் பட்டினி! கோவூர் கிழார் என்ற புலவர் உள்ளே போய் அவனிடம் முகத்துக்கு நேரே சொன்னார். அறத்தின் வழி என்றால் 'இது உன்னுடையது' என்று கதவைத் திறந்து கொடு. மறத்தின் வழி என்றால் வெளியே வந்து சண்டை போடு. இரண்டும் இல்லாமல் சுவருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருப்பது வெட்கக்கேடு. ராஜாவிடம் இப்படிப் பேச எவ்வளவு நெஞ்சழுத்தம் வேண்டும், யோசித்துப் பாருங்கள்!

அடுத்து உறையூர். மறுபடி நெடுங்கிள்ளி உள்ளே, நலங்கிள்ளி வெளியே. மறுபடி கோவூர் கிழார். இந்த முறை இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசினார். எதிரில் நிற்பவன் பனம்பூ சூடிய சேரனும் இல்லை, வேம்பு சூடிய பாண்டியனும் இல்லை. நீயும் ஆத்தி, அவனும் ஆத்தி. யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடிதான், இரண்டு பேரும் ஜெயிப்பது நடக்காத காரியம். இந்தச் சண்டையைப் பார்த்து உடம்பு பூரித்து மகிழப்போகிறவர்கள் மற்ற ராஜாக்கள்தான். இவ்வளவும் புறநானூற்றில், 44, 45-வது பாட்டுகளில் இருக்கிறது.

குறுந்தொகைக்காரி ஏங்கினாளே, 'விலக்குவார் இல்லையே' என்று... இங்கே விலக்க ஒருவர் வந்துவிட்டார். பலன்? நெடுங்கிள்ளியை இலக்கியம் 'காரியாற்றுத் துஞ்சிய நெடுங்கிள்ளி' என்றே அழைக்கிறது. காரியாற்றில் இறந்தவன்! இருவரும் அங்கே மறுபடி மோதி, அதில்தான் அவன் இறந்திருக்க வேண்டும் என்று கருதுகிற வரலாற்றாசிரியர்கள் உண்டு. சேவல்களை ஒரு முறை பிரித்துவிட்டால் போதாது என்பது அப்பாயிக்குத் தெரிந்த விஷயம். அடுத்த தலைமுறை இன்னும் மோசம். சோழ இளவரசர்கள் ஒன்பது பேர் ஒரே சமயத்தில் சண்டைக்குக் கிளம்பினார்கள். சேரன் செங்குட்டுவன் வந்து, உறையூர் அருகே நேரிவாயிலில் ஒன்பது பேரையும் அடித்து, தன் மைத்துனனைச் சிம்மாசனத்தில் உட்கார வைத்தான் என்கிறது சிலப்பதிகாரம். ஒரு கொல்லையில் பத்துச் சேவல் இருந்தால் வேறு என்ன நடக்கும்?

நார்வேயில் ஷெல்டெருப்-எப் என்று ஒருவர். சிறுவனாக இருந்தபோதே கோழிகளைக் கவனித்து, யார் யாரைக் கொத்துகிறார்கள் என்று நோட்டில் குறித்து வைத்த விசித்திரப் பிறவி. 1921-ல் அதை ஆய்வாக வெளியிட்டார். கோழிக்கூட்டத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு படி உண்டு, மேல்படிக்காரி கீழ்ப்படிக்காரியைக் கொத்தலாம், திருப்பிக் கொத்துவது கிடையாது. இந்த வரிசை நிலையாக இருக்கும்வரை சண்டை குறைவு என்று காட்டினார். ரத்தம் சிந்துவது எப்போது என்றால், வரிசை தெரியாதபோது. புதுசாக ஒன்று வந்து சேரும்போது, பழையது ஒன்று பல நாள் காணாமல் போய்த் திரும்பும்போது.

பிற்காலச் சோழர்கள் பட்ட பாட்டைப் பார்த்தால், இதை அவர்கள் கசப்பாகக் கற்றுக்கொண்டார்கள் என்று தோன்றுகிறது. சுந்தர சோழரின் மூத்த மகன் ஆதித்த கரிகாலன் கொலையானது உங்களுக்குத் தெரிந்த கதை. சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் என்று துரோகிகளின் பெயரோடு உடையார்குடிக் கல்வெட்டு இருக்கிறது. அப்புறம் அருள்மொழிதான் அரசாள வேண்டும் என்று மக்கள் கேட்டார்கள். சிற்றப்பா உத்தம சோழனுக்கு ஆசை இருக்கும்வரை மனத்தாலும் அதை விரும்ப மாட்டேன் என்றான் அருள்மொழி. திருவாலங்காட்டுச் செப்பேடு அப்படிச் சொல்கிறது. சுமார் பதினைந்து வருஷம் காத்திருந்து, கி.பி. 985-ல் ராஜராஜனாக முடிசூடினான். பொறுமை என்பார்கள் சிலர், கணக்கு என்பார்கள் சிலர். என்னைக் கேட்டால், தன் முறை வந்ததும்தான் கூவினான்!

அவன் செய்த இன்னொரு காரியம் அதைவிடப் பெரிசு. தான் உயிரோடு இருக்கும்போதே, 1012-ல் மகன் ராஜேந்திரனை இணை அரசனாக்கினான். ராஜேந்திரனும் 1018-ல் தன் மகன் ராஜாதிராஜனை அப்படியே அமர்த்தினான். வரிசை ஊருக்கெல்லாம் முன்கூட்டியே தெரிந்துவிட்டது. 1054-ல் கொப்பத்துப் போரில் யானை மேலேயே ராஜாதிராஜன் இறந்து விழுந்தபோது, அவன் தம்பி இரண்டாம் ராஜேந்திரன் அந்தப் போர்க்களத்திலேயே முடிசூடிக்கொண்டு சண்டையை ஜெயித்தான். முதல் கூவல் நின்ற அடுத்த விநாடி, இரண்டாவது குரல்!

இந்த சாமர்த்தியம் தஞ்சாவூர் மராட்டியர்களுக்கு வாய்க்கவில்லை. 1787-ல் துளஜா ராஜா இறக்கும் தறுவாயில், சரபோஜி என்ற சிறுவனைத் தத்தெடுத்தார். துளஜாவின் தம்பி முறை அமர்சிங், 'தத்து செல்லாது' என்றார். கிழக்கிந்தியக் கம்பெனி பண்டிதர்களைக் கூப்பிட்டுக் கேட்டது. செல்லாது என்று சொன்னார்கள். அமர்சிங் ராஜாவானார். பையனின் உயிருக்கே ஆபத்து என்று ஷ்வார்ட்ஸ் பாதிரியார் போராடியதில், அவன் 1793-ல் சென்னைக்கு அனுப்பப்பட்டான். அப்புறம் பண்டிதர்களிடம் மறுபடி கேட்டார்கள். இந்த முறை தத்து செல்லும்! 1798-ல் சரபோஜி ராஜா, அமர்சிங்குக்குத் திருவிடைமருதூரில் வாசம். மறுவருஷமே, 1799-ல், உடன்படிக்கை என்ற பெயரில் கோட்டையையும் அதன் சுற்றுப்புறத்தையும் தவிர ராஜ்யம் முழுக்கக் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தது. சண்டையைப் பார்த்து உடம்பு பூரித்தவர்கள் யார் என்று கோவூர் கிழார் ஏற்கெனவே சொல்லிவிட்டார் அல்லவா?

சேவல்கள் அதிகமாகிப்போன பிரச்னைக்கு இன்றைய உலகம் வைத்திருக்கும் வழி வேறு. முட்டைக்கோழிப் பண்ணைகளுக்குக் குஞ்சு பொரிக்கும் இடங்களில், பொரித்த அன்றைக்கே ஆண் எது பெண் எது என்று பிரித்து, ஆண் குஞ்சுகளைக் கொன்றுவிடுகிறார்கள். முட்டை இடாது, கறிக்கும் லாயக்கில்லை, எதற்குத் தீவனம்? ஜெர்மனி 2022 முதல் இதைத் தடை செய்துவிட்டது. சண்டைக்கே இடமில்லாத ஏற்பாடுதான், சந்தேகமில்லை.

எங்கள் வீட்டுச் சண்டைக்குக் காரணம் நான். வெள்ளைச் சாவலுக்குக் காலில் ஏதோ புண் என்று அத்தை வீட்டுக்குத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். இரண்டு மாசம் கழித்துக் கூடையில் வந்து சேர்ந்தது. பஞ்சாரத்தில் போட்டு வைத்துவிட்டு அப்பாயி களத்துக்குப் போய்விட்டது. எனக்குப் பாவமாக இருந்தது. மத்தியானம், பளீர் வெயிலில், பஞ்சாரத்தைத் தூக்கிவிட்டேன்.

செவலை வாசலில் இருந்தது. கொல்லையில் இருந்தது கருப்பு. கழுத்து இறகு குடை மாதிரி விரிந்தது மட்டும்தான் தெளிவாக ஞாபகம் இருக்கிறது. அப்புறம் எருக்குழியைச் சுற்றி ஒரே புழுதி, இறகு, ரத்தம். விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு அழுதபடியே சுற்றிச் சுற்றி ஓடினேன். பக்கத்து வீட்டு அண்ணன் வந்து ஒரு சாக்கைப் போட்டுப் பிரித்தார். கருப்புக்கு இடது கண் போய்விட்டது.

நேர்ந்துவிட்ட சேவல்! அப்பாயி என்னை அடிக்கவில்லை. கருப்பின் முகத்தில் மஞ்சளும் எண்ணெயும் குழைத்துத் தடவிவிட்டு, பூசாரி வீட்டுக்கு நடந்தது. நானும் பின்னாலேயே போனேன். அவர் சேவலை வாங்கி, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"ஒத்தக் கண்ணு ஆத்தாளுக்கு ஆவாது ஆயி. வேற ஒண்ணு நேந்துக்க."

"அப்ப இத என்னா பண்றது?"

"ஆத்தா வேணாம்னுட்டா. விக்கவும் கூடாது, திங்கவும் கூடாது. இருந்துட்டுப் போவட்டும், வுடு."

அந்த ஆனித் திருவிழாவில் வெள்ளை போனது. மறுவருஷம் செவலை விருந்துக்கு ஆனது. புதுசாக இரண்டு வந்தன. ஒற்றைக்கண் கருப்பு மட்டும் ஆறு வருஷம் இருந்தது. நான் காலேஜ் சேர்ந்து லீவுக்குப் போனபோதும் விடியற்காலையில் கேட்டேன். முதலில் ஒன்று கூவியது. இரண்டாவதாக ஒன்று. நடுவில் கொஞ்சம் நிசப்தம்.

"இரு, கருப்பு இன்னும் இருக்கு" என்றது அப்பாயி, கண்ணைத் திறக்காமல்.